சொல்லிக்காமப் போனாவ

எங்க தெரு கேம் கடை டிவிக்குள்ள இருந்த சிப்பாய்மாருக்கு இரக்கம் எப்ப வந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது, ஏன்னா அது கரண்ட் வாரது மாதிரி பட்டுன்னு வரல, இட்லி மாவு பொங்குத மாதிரி, பாத்துக்கிட்டே இருக்கும்போது ஒண்ணும் தெரியாம, வேற சோலியப் பாத்துட்டுத் திரும்பும்போதுதான் தெரிஞ்சுது. நான் மாவு மில்லு வச்சிருக்கவ, எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். கேம் கடை எனக்கு நேர் எதுத்தாப்புல. என் மில்லுச் சத்தத்த அந்தக் கடையும், அந்தக் கடைத் துப்பாக்கிச் சத்தத்த நானும் ஏசிக்கிட்டே வருஷக்கணக்கா வியாபாரம் பாத்தோம்.

கடைக்காரன் பேரு சேர்மராஜ். மெட்ராஸ்ல வேலை பாத்துச் சலிச்சு ஊருக்கு வந்தவன், அப்பாவோட பழைய பலசரக்குக் கடையில நாலு டிவியப் போட்டு உக்காந்துட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் பயலுவ வந்து குவிஞ்சிருவானுவ. நாலு டிவியிலயும் ஒரே சண்டைதான், இடிஞ்சு போன ஒரு ஊரு, பாதிச் சுவரு, பொகை, சுவத்துக்குப் பின்னால கருப்புச் சட்டை சிப்பாய்மாரு, அவன் தலையத் தூக்குனா நாம சுடணும், இல்லாட்டி அவன் நம்மளச் சுட்டுருவான், அவ்வளவுதான் கதை. கடைசியில ஒரு பெரிய ஆளு வருவான், மூஞ்சி பூரா இரும்பு, வாயத் தொறந்தா தீ. அவனத் தாண்டுன பய எங்க தெருவுல ஒருத்தனும் கெடையாது.

மொதல்ல சிப்பாய்மாரு குறி தப்புனாவ. பயலுவ தங்க தெறமைன்னு நெனச்சுக்கிட்டானுவ. பொறவு சுடுததுக்கு முன்னால லேசா ஒரு செருமல் செருமுனாவ, ஒளியுதவன் ஒளிஞ்சுக்கிடட்டும்னு. பொறவு எங்க ஊருப் பேச்சுலயே, "தம்பி, குனிஞ்சுக்கோ, மேல வருது"ன்னு சொன்னாவ. பொறவு துப்பாக்கியச் சுவத்துல சாச்சு வச்சிட்டு, டிவிக்குள்ள அடிபட்டுக் கெடந்தவனுக்கு மண்டி போட்டுக் கட்டுப் போட்டுவிட்டாவ. ஒரு மழைக்காலம் கழிஞ்சு எட்டிப் பாக்கேன், ரெண்டு துப்பாக்கிக்கு நடுவுல கயித்தக் கட்டி சட்டையக் காயப்போட்டிருக்காவ, இரும்பு மூஞ்சி ஆளு தன் வாய்த் தீயிலயே சட்டிய வச்சு சுக்குக்காப்பி போட்டு, வந்தவனுக்கெல்லாம் ஊத்திக் கொடுத்துக்கிட்டு இருக்காரு. அதுவரைக்கும் அவன் இவன்னு பேசிக்கிட்டு இருந்த நாங்க அவருன்னு மாத்துனது அந்தக் காப்பிக்குப் பொறவுதான்.

சேர்மராஜ் மதுரையில இருந்து மெக்கானிக் ஒருத்தர வரவழைச்சான். அவரு பொட்டியத் தொறந்து, ஊதி, தொடச்சு, மூடிட்டு, "பெட்டியில கோளாறு ஒண்ணும் இல்லண்ணே, ஆளுகதான் மாறிட்டாய்ங்க"ன்னு சொல்லிட்டு, சிப்பாய்மாரு விசாரிச்சதுக்குத் தன் சர்க்கரை வியாதி வெவரம் பூராவும் சொல்லி முடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுனாரு. கோயில் தர்மகர்த்தா வந்து பாத்தாரு, மாதா கோயில் சாமியாரும் வந்து பாத்தாரு, ரெண்டு பேருக்கும் குத்தம் சொல்ல ஒண்ணும் அகப்படல. கவுன்சிலரு, சிப்பாய்மாரு கூட நின்னு ஒரு படம் எடுத்துக்கிடலாமான்னு கேட்டாரு, அவியளும் சட்டையெல்லாம் இழுத்துவிட்டுக்கிட்டு நின்னாவ. பயலுவளுக்குத்தான் வெறுத்துப் போச்சு. சுடாதவனச் சுடுததுல என்ன ருசி இருக்கு. அவனுவ செல்போனோட மாடிப்படிக்குப் போயிட்டானுவ, அவனுவ இருந்த நாற்காலியில பெரியாளுவ வந்து உக்காந்தாவ.

மொழங்கால் வலிக்காரரு வந்தாரு, மருமவகிட்ட பேச்சு வாங்குனவ வந்தா, பங்காளிச் சண்டைக்காரனுவ ரெண்டு பேரும் ரெண்டு டிவி முன்னால உக்காந்து ஒரே நேரத்துல ஒருத்தன ஒருத்தன் குத்தம் சொன்னானுவ, சிப்பாய்மாரு ரெண்டு பக்கமும் உம் உம்னு கேட்டுக்கிட்டாவ. எவரு வந்தாலும் வாசல்லயே, "வாங்க அண்ணாச்சி, வாங்க மைனி, சாப்பிட்டாச்சா, இன்னைக்கு என்ன கொழம்பு", போகும்போது, "பாத்துப் போயிட்டு வாங்க". இந்தக் காலத்துல எவன் அப்படிக் கேக்கான். கொஞ்சம் கொஞ்சமா என்ன ஆச்சுன்னா, தெருவுல யாராவது மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா, "எதுத்த கடையில போயிச் சொல்லு, அவிய கேப்பாவ"ன்னு நாங்களே அனுப்ப ஆரம்பிச்சோம். தகப்பன் செத்த வீட்டுல இருந்து கூட வந்து சொல்லிட்டுப் போனாவ. எங்க வாய்க்கும் ஓய்வு, காதுக்கும் ஓய்வு. சொகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஒருத்தரு கஷ்டமும் எங்களுக்கு ஒட்டல, எங்க கஷ்டமும் பெருசாத் தெரியல, தெருவே தூக்கத்துல நடக்குத மாதிரி நடந்துக்கிட்டு இருந்தோம்.

இந்தத் தெருவுலதான் அன்னபாக்கியமும் இருந்தா. இறால் கம்பெனியில உரிக்குத வேலை. காலையில இருந்து ஐஸ் தண்ணியில கைய விட்டு விட்டு விரலெல்லாம் வெடிச்சு, மரத்துப்போயி, சாயந்திரம் கம்பெனி வேன் தெருமுனையில எறக்கிவிட்டா, வீட்டுச் சாவி கையில இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுவா. அவ புருசன் சிவபெருமாள் சரக்குத் தோணி ஒண்ணுல சமையல்காரரு. மாலத்தீவுக்கு வெங்காயம் ஏத்திட்டுப் போன தோணி மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு கார்த்திகை மாசத்து வாடைக் காத்துல போனது போனதுதான். ஆளும் வரல, பலகையும் வரல. தேடுனவிய தேடி முடிச்சிட்டு வந்துட்டாவ. ஏழு வருஷம் ஆனாத்தான் செத்தவருன்னு எழுதித் தருவாவளாம், அதுவரைக்கும் அவரு காணாமப் போனவரு.

எங்க பக்கம் சாவு விழுந்த வீட்டுக்குத் தெருவே துட்டி கேக்கப் போகும். அதுக்கு ஒரு மொறை இருக்கு. துட்டி வீட்டுல வாங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ, நாமளே போயி உக்காரணும். உக்காந்து, எப்படி ஆச்சுன்னு கேக்கணும். அவிய மொதல்ல இருந்து சொல்லுவாவ. அடுத்தவ வந்து கேப்பா, மறுபடி மொதல்ல இருந்து சொல்லுவாவ, அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் செத்தவரு செத்தவரு ஆவாரு. கெளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது, அந்தக் காரியத்துக்கு இன்னொரு தடவ அந்த வீட்டுக்கு வர வேண்டாம்னுட்டு, எந்திரிச்சு, சொல்லிக்காம, திரும்பிப் பாக்காம வந்துரணும். பாக்கியம் வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் போகல. எப்படிப் போக? எப்படி ஆச்சுன்னு கேட்டா, அவரு செத்துட்டாருன்னு நாம சொன்னதா ஆயிரும். கேக்காம இருக்கதுக்கு எதுக்குப் போகணும். இப்படியே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, ஊரே போகாம இருந்துட்டோம்.

அவளோ பொட்டும் பூவுமா வேலைக்குப் போயிட்டு வந்தா. ஒரு தடவ அரிசி அரைக்க வந்தவ, "போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான மைனி போனாவ"ன்னு சொன்னா. அழுகல. ரேஷன் கடையில சீனி வந்துட்டான்னு கேக்குத மாதிரி சொன்னா. நான் மாவச் சலிச்சேன். அவ தெருவுல வந்தா மழையப் பத்திப் பேசுனோம், தண்ணி லாரியப் பத்திப் பேசுனோம், அவளும் எல்லாத்துக்கும் ஆமா மைனி, ஆமா மைனின்னு சொல்லிட்டுப் போனா. ராத்திரிக்கு ரெண்டு ஆளுக்கு வடிக்கா, காலையில மிஞ்சுன ஒரு ஆளு சோத்துல தண்ணிய ஊத்துதான்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. அதயும் கேட்டுக்கிட்டோம்.

ஒரு நாள் சாயந்திரம் வேன விட்டு எறங்கும்போது நல்ல மழை. ஒதுங்க எடமில்லாம பாக்கியம் கேம் கடைக்குள்ள போனா. நான் இங்கன இருந்து பாக்கேன். நாலு டிவியிலயும் அதுவரைக்கும் கலகலன்னு பேசிக்கிட்டு இருந்த சிப்பாய்மாரு அப்படியே அடங்குனாவ. ஒருத்தரும் வாங்கன்னு சொல்லல. தலையில மாட்டியிருந்த தொப்பியக் கழட்டி மடியில வச்சிக்கிட்டு, உடைஞ்ச சுவரு ஓரமா வரிசையா உக்காந்தாவ. இரும்பு மூஞ்சி அண்ணாச்சி சட்டிய எறக்கி வச்சிட்டு வாய மூடிக்கிட்டாரு, தீ அமந்துபோச்சு. "ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்காவ"ன்னு கேட்டு, சேர்மராஜ் ரிமோட்ட அவ கையில கொடுத்தான். மரத்த விரல வச்சு அவளால எந்தப் பட்டனையும் அமுக்க முடியல. அவியளும் அவசரப்படல. மழை விடுத வரைக்கும் அவ டிவியப் பாத்துக்கிட்டு இருந்தா, அவிய தரையப் பாத்துக்கிட்டு இருந்தாவ.

மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. வேன விட்டு எறங்குனா நேரா அங்கதான், மீன் வாடையோட, ஓரத்து நாற்காலியில, ரிமோட்ட மடியில வச்சிக்கிட்டு. அவ உள்ள வந்துட்டா நாலு டிவியிலயும் பேச்சு நின்னுரும். மொழங்கால் வலிக்காரருக்குக் கோவம் வந்துச்சு. மருமவ பேச்சு வாங்குனவளுக்கு அதவிடக் கோவம். "அந்த அம்மா வந்தா கேம் நின்னுருது, நமக்கு ஒரு வார்த்தை கெடைக்க மாட்டேங்குது"ன்னு கடைக்காரன்கிட்ட சொன்னாவ. சிப்பாய்மாரு எதுக்கு அப்படி உக்காந்திருக்காவன்னு எங்களுக்குப் புரியலன்னு சொன்னா நீங்க நம்பாதீங்க. எங்க ஊருக்காரனுக்கு அந்த உக்காருத மாதிரி தெரியாதா? புரிஞ்சா ஒருத்தராவது எந்திரிச்சு அவ வீட்டுக்குப் போகணும். அதனால எங்களுக்குப் புரியல.

சேர்மராஜ் என் மில்லுக்கு வந்து தலையச் சொறிஞ்சான். "யக்கா, நீங்க பொம்பள, நீங்க பக்குவமாச் சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு அந்த அம்மா வர வேண்டாம்."

"ஏம்ல, உனக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. வர மாட்டேங்குது."

எனக்கும் வரத்தான் இல்ல. ஆனா புஷ்பக்கா வாய்க்கு மிஞ்சுன வாய் இந்தத் தெருவுல கெடையாதுன்னு ஒரு பேரு எடுத்து வச்சிருக்கேன், அந்தச் சவத்துப் பேருக்காகவாவது போகணும். மில்ல நிறுத்திட்டு, முந்தானையில கைய தொடச்சிக்கிட்டு ரோட்டத் தாண்டுனேன். வெயில் இன்னும் இருந்துச்சு. கடையில நாலஞ்சு பேரு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருந்தாவ. பாக்கியம் ஓரத்துல இருந்தா. நான் அவ பக்கத்துல ஸ்டூல இழுத்துப் போட்டு, "பாக்கியம், ஒரு சேதி"ன்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள டிவிக்குள்ள இருந்து இரும்பு மூஞ்சி அண்ணாச்சி தலையத் தூக்குனாரு.

"எப்படித் தாயி ஆச்சு?"ன்னு கேட்டாரு.

அத்தனை வருஷமா இந்தத் தெருவுல ஒரு வாயில இருந்தும் வராத வார்த்தை. அவருக்கும் அது சுளுவா வரலன்னு குரல்லயே தெரிஞ்சுது. அத்தனை நாளும் கேக்கத் தைரியம் வராமத்தான் அவியளும் சும்மா உக்காந்திருந்தாவ போல.

பாக்கியம் ரிமோட்ட கீழ வச்சா.

"வெங்காய லோடு"ன்னு ஆரம்பிச்சா. "மேல சாக்க மூடிக் கட்டியிருந்தாவ. காலையில வெள்ளென எந்திரிச்சு நான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். அவியளுக்குப் பிடிக்காது, இருந்தாலும் வாங்கிக்கிட்டாவ. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு, போயிட்டு வாரேன் பாக்கியம்னு சொன்னாவ. பொறவு சிக்னல் போறதுக்கு முன்னால போன் பண்ணுனாவ. என்ன சொன்னாவன்னா, ஏட்டி, உப்புப் பொட்டலத்த அடுப்படியிலயே வச்சிட்டு வந்துட்டேன், தூத்துக்குடிக்காரன் உப்பில்லாம கடலுக்குப் போறேன்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும், நீ யாருகிட்டயும் சொல்லிராதன்னு சிரிச்சாவ. நான் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. நாலாம் நாளு காத்து மாறிட்டுன்னு தோணி ஆபீஸ்ல சொன்னாவ. அம்புட்டுத்தான்."

தண்ணி வாரதச் சொல்லுத மாதிரிதான் இதயும் சொன்னா. கண்ணு காஞ்சுதான் இருந்துச்சு. இரும்பு மூஞ்சி அண்ணாச்சி, "உப்பு இல்லாம என்ன சமைச்சாரோ"ன்னு மெதுவாச் சொன்னாரு. "அதான் நானும் நெனச்சுக்கிடுவேன்"ன்னா பாக்கியம். மருமவ பேச்சு வாங்குனவ மூக்கச் சிந்துனா.

பொறவு சிப்பாய்மாரு எந்திரிச்சாவ. ஒருத்தர் பின்னால ஒருத்தரா, தொப்பிய மாட்டாம கையில வச்சிக்கிட்டு, துப்பாக்கியெல்லாம் கெடந்த எடத்துலயே கெடக்க, காயப்போட்ட சட்டையக்கூட எடுக்காம, அந்த இடிஞ்ச ஊருக்கு அந்தாண்ட இருந்த பொகைக்குள்ள நடந்தாவ. கடைசியா இரும்பு மூஞ்சி அண்ணாச்சி முட்டியில கைய ஊனி எந்திரிச்சாரு. எங்க எல்லார்கிட்டயும் தெனமும் பாத்துப் போயிட்டு வாங்கன்னு சொன்ன மனுசன், ஒரு வார்த்தை சொல்லல. திரும்பியும் பாக்கல. அவரும் பொகையில மறைஞ்சாரு. நாலு டிவியிலயும் சுவரும், கயித்துல ஆடுத சட்டையும்தான் மிச்சம். சேர்மராஜ் அணைச்சுப் போட்டான், பொட்டிய மாத்திப் போட்டான், ஒருத்தரும் வரல.

பாக்கியம் வெறும் டிவியப் பாத்துக்கிட்டு இருந்தா.

"சொல்லிக்காமப் போறாவ மைனி"ன்னா.

"ஆமா."

"அப்ப துட்டிக்குத்தான் வந்திருக்காவ."

நான் ஆமான்னு சொல்லணும். என் வாய் சும்மா இருந்துச்சு. அவ எந்திரிச்சு, பையத் தூக்கிக்கிட்டு, ரோட்டத் தாண்டி வீட்டுக்குப் போனா. கதவ அடைக்கல.

நான் என்ன சேதி சொல்ல வந்தேன்னு கடையில ஒருத்தரும் கேக்கல. மில்லுல அரைக்கப் போட்ட அரிசி பாதியில கெடந்துச்சு, கெடக்கட்டும்னு விட்டுட்டு நான் அவ வீட்டுக்கு நடந்தேன். அவ அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தா. என்னப் பாத்தா, வாங்க மைனின்னு சொல்லல. நான் நானா உள்ள போயித் தரையில உக்காந்தேன். பேரு வாங்குன வாய் பூரா காஞ்சு போயிருந்துச்சு.

"எப்படி ஆச்சு பாக்கியம்?"

அவ மொதல்ல இருந்து சொன்னா. வெங்காய லோடு, சாக்கு, புளிச்சோறு, செருப்பு. உப்புக்கு வந்ததும் நிறுத்திட்டு, அலமாரியில இருந்து ஒரு பொட்டலத்த எடுத்துட்டு வந்தா. அவரு மறந்துட்டுப் போன அதே பொட்டலம், நூல் கட்டுனது கட்டுனபடி, ஈரம் குடிச்சுக் குடிச்சு கல்லாப் போயிருந்துச்சு. பிரிச்சுக் காட்டணும்னு நூல அவுத்தா. உப்பு ஒடையல. வெடிச்ச விரல வச்சு அமுக்குனா, நகத்த வச்சுக் கிள்ளுனா, ரெண்டு கையாலயும் புடிச்சு நெரிச்சா, பொலபொலன்னு உதுந்துச்சு. அவ கைய விரிச்சுப் பாத்தா. விரல ஒண்ணொண்ணாப் பாத்தா.

"எரியுது மைனி"ன்னா.

"எரியும்."

"நல்லா எரியுது"ன்னு சொன்னவ அப்படியே தரையில உக்காந்து என் தோளுல சாஞ்சு அழுதா. அவரு பேரச் சொல்லி அழுதா. உப்பில்லாம என்னத்தத் தின்னியளோன்னு அழுதா. எனக்கும் தாங்கல, நானும் அழுதேன், யாருக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது, செத்துப்போன என் புருசனுக்கும் சேத்துத்தான் இருக்கும். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுக்காரி வந்து சுவரு ஓரமா உக்காந்தா. மொழங்கால் வலிக்காரரு வெளியில பெஞ்சுல உக்காந்தாரு. சேர்மராஜ் படியில உக்காந்தான். ஒருத்தரையும் யாரும் வாங்கன்னு கூப்பிடல.

பக்கத்து வீட்டுக்காரி, "எப்படி ஆச்சு"ன்னு கேட்டா. பாக்கியம் மூக்கத் தொடச்சிக்கிட்டு, வெங்காய லோடுன்னு ஆரம்பிச்சா.

நான் எந்திரிச்சேன். வாசலுக்கு வந்து செருப்ப மாட்டுனேன். போயிட்டு வாரேன் பாக்கியம்னு பழக்கதோசத்துல வாய் வரைக்கும் வந்துட்டு. அத அப்படியே முழுங்கிட்டு, படியெறங்கி, திரும்பிப் பாக்காம நடந்தேன்.